விழியை உருவாக்கும் மரபணு

கருவுற்ற ஒற்றை முட்டையிலிருந்தே மனித உடல் தோன்றுகிறது. அம்முட்டையிலுள்ள மரபணுக்களே ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் அமைந்துள்ளன. ஆயினும், ஓர் உயிரணு விழித்திரையாகிறது, மற்றொன்று தோலாகிறது. எந்த மரபணு எப்போது செயற்பட வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்தும் புரதங்களே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். அவை படியெடுத்தல் காரணிகள் எனப்படும். டி.என்.ஏ. இழையில் உரிய இடத்தைப் பற்றிக்கொண்டு, அவை மரபணுக்களைத் தூண்டுகின்றன, அல்லது அடக்குகின்றன.

மனிதரின் 11ஆம் குரோமோசோமிலுள்ள பேக்ஸ்-6 மரபணு அத்தகைய காரணி ஒன்றை உருவாக்குகிறது. கருவில் கண், மூளை, கணையம் ஆகியவை வளர இது தேவை.

பூச்சியில் ஒரு சோதனை

கண்ணின்றிப் பிறக்கும் பழப்பூச்சி வகையை அறிஞர்கள் 1915லேயே அறிந்திருந்தனர். அக்குறைக்குக் காரணமான மரபணு பேக்ஸ்-6ஐ ஒத்தது என்பது 1994இல் தெளிவாயிற்று. சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் வால்டர் கெரிங் குழுவினர், 1995இல் அம்மரபணுவைப் பூச்சியின் கால், இறகு முதலிய உறுப்புகளில் இயங்கச் செய்தனர். அங்கெல்லாம் கண்கள் தோன்றின! எலியின் மரபணுவைச் செலுத்தியபோதும் கண்கள் தோன்றின, ஆனால், அவை எலியின் கண்கள் அல்ல, பூச்சியின் கூட்டுக்கண்களே. 'இங்குக் கண் அமைக' என்னும் ஆணையே பேக்ஸ்-6. எத்தகைய கண் என்பதைப் பூச்சியின் பிற மரபணுக்கள் முடிவு செய்கின்றன.

குறையும் நோயும்

ஒவ்வொருவருக்கும் இம்மரபணுவின் இரு படிகள் உண்டு. ஒன்று பழுதுபட்டாலும் புரதத்தின் அளவு போதாமற்போகிறது. அப்போது ஐரிஸ் முழுமையாக உருவாவதில்லை. இந்நிலை அனிரிடியா எனப்படும். ஒளியைக் கட்டுப்படுத்த இயலாமையால் குழந்தையின் கண் கூசுகிறது. விழித்திரையின் மையமும் முழுவளர்ச்சி பெறாததால் பார்வை மங்குகிறது. பின்னாளில் கண்புரையும் கண் நீர் அழுத்த நோயும் ஏற்படலாம். இக்குறையுள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் இது வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. குடும்பத்தில் எவருக்கும் இல்லாதபோதும் புதிய மரபணு மாற்றத்தால் இது தோன்றக்கூடும்.

சில குழந்தைகளுக்குக் குரோமோசோமின் ஒரு பகுதியே இழக்கப்பட்டிருக்கும். அவ்விழப்பில் அண்டையிலுள்ள டபிள்யூ.டி.-1 மரபணுவும் அடங்கினால், சிறுநீரகத்தில் வில்ம்ஸ் என்னும் புற்றுநோய்க் கட்டி தோன்றும் இடர் மிகுகிறது. எனவே, ஐரிஸ் இன்றிப் பிறக்கும் குழந்தைக்குக் கண் மருத்துவம் மட்டும் போதாது. மரபணுச் சோதனையும் வேண்டும். இழப்பு உறுதியானால், குறிப்பிட்ட கால இடைவெளியில் சிறுநீரகத்தை மீயொலி வருடல் செய்வர். கட்டியைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்த இயலும். விழியிற் காணும் குறை, உயிர் காக்கும் முன்னறிவிப்பாகவும் அமைகிறது.