பத்துக்கு எத்தனை பொருத்தம்?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். வரும் ஆகஸ்டில் மகளுக்கு மூன்று வயது முடிகிறது. இங்கேயே இருந்தால் அரசு ப்ரீ-கே இலவசம். டேகேருக்குக் கொடுக்கும் மாதம் 1,800 டாலர் மிச்சம். என் கணவரோ, "இந்த ஊர் ஸ்கூலுக்கு ரேட்டிங் பத்துக்கு நாலு. இப்பவே வெஸ்ட் விண்ட்சர் பக்கம் போயிடலாம், அங்கே ஒன்பது" என்கிறார். அங்கே ப்ரீ-கே இடம் எல்லோருக்கும் கிடைக்காது என்கிறாள் தோழி. எதை வைத்து முடிவெடுப்பது?
- ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: ஒரு காலத்தில் ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தோம். இப்போது வீடு விற்கும் தளத்தில் பார்க்கிறோம். அந்த ஒன்பதிலும் நாலிலும் உங்கள் மகள் வயதுக் குழந்தை ஒன்றுகூட இல்லை என்பதை உங்கள் கணவரிடம் முதலில் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் மாநிலத் தேர்வு தொடங்குவதே மூன்றாம் வகுப்பில்தான். ப்ரீ-கே வகுப்பில் என்ன நடக்கிறது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

உங்கள் மாநிலத்தில் இதற்குள் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஏழை நகரங்களின் பள்ளிகளுக்குப் போதிய பணம் தரவில்லை என்று 1981-இல் தொடுக்கப்பட்ட வழக்கு 'ஆபட் எதிர் பர்க்'. அதில் 1998-இல் வந்த தீர்ப்பு, அந்த நகரங்களில் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் எல்லோருக்கும் தரமான ப்ரீஸ்கூல் தர வேண்டும் என்றது. ஜெர்சி சிட்டி, யூனியன் சிட்டி, நியூவர்க், நியூ பிரன்ஸ்விக் என்று 31 பள்ளி மாவட்டங்கள் அந்தப் பட்டியலில் வந்தன. வகுப்புக்கு 15 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஆசிரியருக்குப் பட்டமும், சிறு குழந்தைகளுக்குக் கற்பிப்பதற்கான சான்றிதழும் வேண்டும். கூடவே ஓர் உதவியாளர். பெற்றோரின் வருமானம் கேட்பதில்லை. அந்த ஊரில் குடியிருந்தால் போதும். எச்-4 விசாவும் தடையில்லை. ஆக, மதிப்பெண் குறைவான ஊர்களில்தான் நாட்டிலேயே பேர் வாங்கிய ப்ரீஸ்கூல் வந்து உட்கார்ந்தது. வசதியான புறநகர்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. பிற்பாடு மாநில அரசு மற்ற ஊர்களுக்கும் பணம் தந்து விரிவாக்கி வருகிறது. ஆனால் பல இடங்களில் சீட்டுக் குலுக்கல்தான். தோழி சொன்னதை வெஸ்ட் விண்ட்சர் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதற்காக, அரசு ப்ரீஸ்கூல் என்றாலே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். டென்னசி மாநிலத்தில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் ஆறாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில், ப்ரீஸ்கூல் போனவர்களின் மதிப்பெண்தான் குறைவு! உங்கள் ஊரிலும் எல்லா வகுப்பும் பள்ளிக் கட்டடத்தில் நடப்பதில்லை. மாவட்டத்தோடு ஒப்பந்தம் போட்ட தனியார் மையங்களிலும் நடக்கும். விதி ஒன்றுதான், அறைக்கு அறை வித்தியாசம் உண்டு.

அதனால் நேரில் போங்கள். சுவரில் ஒட்டிய படங்களைப் பார்க்காதீர்கள், அவை நமக்காக ஒட்டியவை. ஒரு மூலையில் இருபது நிமிடம் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். டீச்சர் குனிந்து, குழந்தையின் முகத்துக்கு நேராகப் பேசுகிறாரா? "இது என்ன கலர்?" என்பதோடு நிறுத்துகிறாரா, "ஏன் அப்படிக் கட்டினே?" என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாரா? கை கழுவவும் சாப்பிடவும் பிள்ளைகள் வரிசையில் எவ்வளவு நேரம் வீணாய் நிற்கிறார்கள்? வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று சொல்லுங்கள். "இங்கிலீஷ்லேயே பேசுங்க" என்று அறிவுரை வந்தால் அது எனக்குப் பிடிக்காத பதில். வெளியே வரும்போது, டீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். வருடத்துக்கு ஒரு டீச்சர் மாறும் மையம் வேண்டாம்.

இனி அந்த ஒன்பது. சராசரி மதிப்பெண் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும்தான் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஷான் ரியர்டன் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பு முதல் எட்டு வரையிலான தேர்வுகளைத் திரட்டிப் பார்த்தார். மதிப்பெண் குறைவான சிகாகோவில் 2009 முதல் 2014 வரை பிள்ளைகள் ஐந்து வருடத்தில் ஆறு வருடப் படிப்பு முன்னேறியிருந்தார்கள். பள்ளி என்ன செய்தது என்பதை இந்த ஏற்றம்தான் சொல்லும். நியூ ஜெர்சி அரசு ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிடும் அறிக்கையில் 'வளர்ச்சி' என்று ஒரு பகுதி உண்டு. முன்பு ஒரே மாதிரி மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளோடு ஒப்பிட்டு 1 முதல் 99 வரை எண் தருவார்கள். 50 நடுமட்டம். மாவட்டத்தின் எண்ணை விடுங்கள். உங்கள் தெருவுக்கு உரிய தொடக்கப்பள்ளியின் எண்ணைப் பாருங்கள்.

செலவுக் கணக்கிலும் ஒரு திருத்தம். 1,800 முழுவதும் மிஞ்சாது. அரசு ப்ரீ-கே நாளுக்கு ஆறு மணி நேரம்தான், கோடை விடுமுறையும் உண்டு. இருவரும் வேலைக்குப் போனால் மீதி நேரத்துக்கு ஆள் பார்க்க வேண்டும். அப்படியும் லாபம்தான்.

நானாக இருந்தால் வகுப்பைப் பார்த்துப் பிடித்திருந்தால் இரண்டு வருடம் ஜெர்சி சிட்டியிலேயே இருப்பேன். வீடு மாறுவதைக் கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய குளிர்காலத்தில், வளர்ச்சி எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் மூன்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். ஃப்ளூ ஊசியை மறக்க வேண்டாம். ப்ரீஸ்கூல் பிள்ளைகளுக்கு அது டிசம்பர் 31-க்குள் கட்டாயம்.