பறவைக் காய்ச்சலும் பண்ணைக்காரரின் மௌனமும்

விசைத்தறிக்கு அடுத்தபடியாகப் பள்ளிபாளையத்தை வெளியூராருக்கு நினைவூட்டுவது அவ்வூர்க் கோழி வறுவல். அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட நாமக்கல் ஜில்லாவோ தேசத்தின் முட்டை வியாபாரத்துக்கே தலைமை ஸ்தலம் என்று சொல்லத்தக்கது. ஆகவே எங்கோ ஒரு மாநிலத்தில் பறவைக் காய்ச்சல் என்று பத்திரிகையில் ஒரு வரி வந்தவுடனே, இங்கே கறிக்கடையில் கூட்டம் குறைவதும், பண்ணைக்காரர் நெஞ்சம் கலங்குவதும், ஆதாரமில்லாத அபிப்பிராயங்கள் ஊரெங்கும் உலாவத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன.

அவற்றுள் எளிதில் தீர்க்கக்கூடியது சாப்பாட்டைப் பற்றிய பயம். கறியின் உட்பகுதி முழுவதும் 70 டிகிரி செல்ஷியஸ் சூட்டை எட்டினால் இந்நோய்க் கிருமி அழிந்துபோகும். விதை உதிர்த்த வரமிளகாயையும் சின்ன வெங்காயத்தையும் எண்ணெயில் வதக்கி, தேங்காய்ச் சில்லுகளைச் சேர்த்து, கறி விட்ட நீரெல்லாம் சுண்டும்வரை வாணலியில் பிரட்டி எடுக்கும் பள்ளிபாளையத்துப் பக்குவத்தில் அது தப்பிப் பிழைக்க மார்க்கமே இல்லை. பச்சைக் கறியின் விஷயம் வேறு. 2025 மார்ச்சில் ஆந்திரத்துப் பல்நாடு மாவட்டத்தில் இந்நோய்க்குப் பலியான இரண்டு வயதுக் குழந்தை பச்சைக் கறித்துண்டைத் தின்றதாகவே செய்தி வந்தது. எனவே நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது இலையில் விழும் வறுவலிடத்தில் அன்று, கறி நறுக்கும் பலகையிடத்திலும் அதைத் தொட்ட கையிடத்திலுமே ஆகும்.

இதைக் காட்டிலும் பன்மடங்கு கேடு விளைவிக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு. “வெளிய சொன்னா ஜில்லாக் கோழி அத்தனையும் கொன்னு போட்ருவாங்க, நம்ம பொழப்பே போயிரும்” என்று பண்ணைக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்வார்கள். இது உண்மையன்று. மத்திய சர்க்காரின் செயல்திட்டப்படி, நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் வட்டத்துக்குள் உள்ள பறவைகளே அழிக்கப்படும். அதற்கப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு மட்டுமே. அழிக்கப்படும் பறவைகளுக்கு நஷ்டஈடு உண்டு. அதை மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் சரிபாதியாக ஏற்கின்றன. சந்தைவிலைக்கு அது ஈடாகாது என்ற முறையீட்டில் நியாயம் உண்டு என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்த நஷ்டஈடு அதிகாரிகள் அழிக்கும் பறவைக்கே உரியது, நோயால் தானாக மடிந்த பறவைக்கு அன்று. ஆதலால் இன்று சொல்லலாமா நாளை சொல்லலாமா என்று தயங்கும் ஒவ்வொரு நாளும், பண்ணைக்காரர் தமக்குக் கிடைக்கவேண்டிய பணத்தைத் தாமே குழியில் போட்டு மூடுகிறார் என்பதை உணர வேண்டும்.

இந்தியாவில் முதன்முதலாக இந்நோய் 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்து நவாப்பூரில் உறுதியாயிற்று. அங்கே கோழிகள் அதற்கு முன்பே மடியத் தொடங்கியிருந்தும், அது பழகிப்போன ராணிக்கெட் நோய், அதாவது நம்மவர் வெள்ளைக் கழிச்சல் என்று சொல்வதுதான் என்று முதலில் எண்ணப்பட்டது. அந்த எண்ணத்தையும் முழுத் தவறென்று தள்ளிவிட முடியாது. ராணிக்கெட்டிலும் கூட்டமாகச் சாகும்; சித்திரை வெயில் தாங்காமலும் சாகும். கண்ணால் பார்த்து இன்ன நோய் என்று தீர்ப்புச் சொல்ல எவராலும் இயலாது; மாதிரிகள் போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வு நிலையத்துக்குச் சென்று, அங்கே உறுதியானால்தான் அறிவிப்பு வரும். எனவே தகவல் சொல்லுவது பறவைக் காய்ச்சல் என்று ஒப்புக்கொள்வதாகாது. பெரும்பாலும் அதல்ல என்று தெரிந்து நிம்மதி அடைவதற்கும் அதுவே வழி.

வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா மருந்து கொடுத்தாயிற்று, இனி எந்தக் காய்ச்சலும் அண்டாது என்று நம்புவோரும் உளர். இரண்டும் வெவ்வேறு கிருமிகள்; ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைத் தடுக்காது.

நோய் வானத்திலிருந்து வலசைப் பறவைகளோடு மட்டுமே வருகிறது, எல்லையில் லாரிக்கு மருந்தடிப்பதெல்லாம் வீண் காட்சி என்ற பேச்சும் 2021 ஜனவரியில் மிகுதியாகக் கேட்டது. ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் வாத்துகளுக்கு நோய் கண்டு, கேரளம் அதை மாநிலப் பேரிடர் என்றே அறிவித்திருந்த காலம் அது. நாமக்கல் முட்டைக்குக் கேரளம் பெரிய சந்தை. முட்டை ஏற்றிப் போன லாரி காலி அட்டைகளோடு திரும்புகிறது. அந்த அட்டையின் குழியில் ஒட்டிக் காய்ந்த எச்சத்தைப் பாருங்கள், நோயுள்ள பறவையினுடையதானால் கிருமி அதிலேயே பயணம் செய்யும். சக்கரத்திலும் தீவன மூட்டையிலும் கூலியாளின் செருப்பிலும் அவ்வாறே. எல்லையில் அடிக்கும் மருந்து இதற்காகத்தான். பண்ணை வாசலில் அட்டையைக் கழுவி மருந்தடிக்காமல் உள்ளே விட்டால் அதற்கும் பயன் குறைவே.

இவையெல்லாம் லட்சக்கணக்கில் கோழி வைத்திருப்போருக்கான விதிகள் என்று தறிக்கூடத்தின் பின்புறத்தில் நாலு நாட்டுக்கோழி வளர்ப்போர் எண்ணிவிடலாகாது. விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், 2009 இருவருக்கும் பொது. சந்தேகம் தோன்றினால் கிராம அதிகாரியிடமோ ஊராட்சிப் பொறுப்பாளரிடமோ உடனே சொல்ல வேண்டியது வளர்ப்பவரின் கடமை. அதை அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. நேரே கால்நடை மருந்தகத்துக்கே போய்ச் சொன்னாலும் குற்றமில்லை. செத்த கோழியைக் காவிரியில் வீசாமலும், வெறுங்கையால் தொடாமலும், டாக்டர் வரும்வரை மற்றக் கோழிகளைக் கூட்டை விட்டு வெளியே விடாமலும் இருந்தால் போதும்.