பச்சை உடம்பும் பருத்த உடம்பும்

"பிள்ளை பெற்ற பிறகு உடம்பு இப்படி ஊதிவிட்டதே, இது குறையுமா?" பாலக்காட்டுப் பக்கத்திலும் இடுக்கி மலையிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் மகளிர் கூட்டங்களில் நான் பேசப் போகும்போதெல்லாம் தவறாமல் எழும் கேள்வி இது. கூட்டத்தில் எழுந்து கேட்பவர்கள் சிலரே. கூட்டம் முடிந்து காபி குடிக்கும் வேளையில் தனியாக அழைத்துக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆகவே அனைவருக்கும் பயன்படும் வகையில் இதைச் சற்று விரிவாக எழுதலாம் என்று எண்ணினேன்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிரசவித்தவள் பருத்திருப்பது நம்மவர் கண்ணுக்குக் குறையாகத் தெரிந்ததில்லை. "பூசினாற்போல் இருக்கிறாள்" என்று தமிழிலே மகிழ்கிறோம். பக்கத்து வீட்டு மலையாளச் சகோதரி "நன்னாயிட்டுண்டல்லோ" என்பார். அங்கே 'நன்றாக' ஆவது என்றாலே சதை போடுவதுதான். இளைத்திருந்தால் "ஷீணிச்சு போயல்லோ" என்று வருந்துவார்கள். இளைப்பும் களைப்பும் அவர்களுக்கு ஒரே சொல். பெண் தாய்வீட்டிலிருந்து திரும்பும்போது அவளுடைய பருமனே தாய்வீட்டின் கவனிப்புக்குச் சான்றிதழ். பஞ்சமும் காய்ச்சலும் மலிந்த காலத்தில் இதற்கு நியாயம் இருந்தது. இன்று நிலைமை வேறு. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, அளவுக்கு மிஞ்சிய எடையுள்ள பெண்கள் இந்தியாவில் நூற்றுக்கு 24 பேர். கேரளத்தில் 38 பேர், தமிழகத்தில் 40 பேர். எல்லைக்கு இருபுறமும் நாம்தான் முன்னணியில் இருக்கிறோம்!

ஏறிய எடை எங்கே இருக்கிறது?

கர்ப்ப காலத்தில் சராசரி உடல்வாகுள்ள பெண்ணுக்கு 11, 12 கிலோ கூடுவது இயல்பு. கணக்கைப் பிரித்துப் பாருங்கள். குழந்தை சுமார் 3 கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்கு மேல். பனிக்குட நீர் முக்கால் கிலோ. கர்ப்பப்பை ஒரு கிலோ. கூடுதலாக ஊறிய இரத்தம் ஒன்றரைக் கிலோ. மார்பகம் அரைக் கிலோ. உடலில் தேங்கிய நீர் ஒரு கிலோவுக்கு மேல். எஞ்சிய 3 கிலோ அளவு கொழுப்பு. இந்தக் கொழுப்பு வீண் அல்ல. பால் சுரப்பதற்காக இயற்கை கட்டிக் கொடுத்த கட்டுச்சோறு அது.

பிரசவ அறையிலேயே ஐந்து கிலோ வரை இறங்கிவிடும். அடுத்த ஒரு வாரத்தில் தேங்கிய நீர் சிறுநீராகவும் இராத்திரி வியர்வையாகவும் வெளியேறும். "உடம்பெல்லாம் நனைந்து போகிறதே, ஜுரமோ?" என்று பலர் பயப்படுவது இதைக் கண்டுதான். உடம்பு சுடாதவரை பயமில்லை. ஒரு கிலோ இருந்த கர்ப்பப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்கும் கீழாகச் சுருங்கிப் பழைய அளவுக்கு வந்துவிடும். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து வலிப்பது அது சுருங்குவதற்கு அடையாளம்.

ஆகவே பிரசவம் ஆன மறுநாள் ஐந்து மாதக் கர்ப்பிணி போல வயிறு தெரிந்தால் அது தொப்பை அல்ல. ஒன்பது மாதம் விரிந்தது ஒன்பது நாளில் மடங்காது. மீதி எடை குறைய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்வதும் இதே கணக்கில் சேரும். கர்ப்பத்தில் உதிராமல் நின்ற முடி சேர்ந்து உதிர்கிறது. குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் பெரும்பாலும் முளைத்துவிடும்.

இரண்டு அடுப்பங்கரை, ஒரு வயிறு

நம் எல்லைப் பகுதியில் பிரசவித்தவளுக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. தமிழகத்துப் பத்தியமும் கேரளத்துப் பிரசவ ரட்சையும் ஒன்றாகக் கிடைக்கும். பொள்ளாச்சியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வரும் பாட்டி பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, சுக்கும் திப்பிலியும் ஓமமும் கருப்பட்டியும் நெய்யும் சேர்ந்த பிரசவ லேகியம் என்று தொடங்குவார். இங்கே உள்ளவர்கள் உள்ளி லேகியம், தென்னம்பூக்குலை லேகியம், தான்வந்தரம் குழம்பு தேய்த்து வேது குளி என்பார்கள். என் மருமகளின் பிரசவத்தின்போது இருபக்க லேகியமும் அலமாரியில் வரிசையாக நின்றன. இரண்டையும் மறுக்கக் கூடாதென்று அவள் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இவற்றில் நல்லது நிறைய இருக்கிறது. பூண்டும் மீனும் சத்துள்ளவை. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பது அலுத்த உடம்புக்கு இதம். எல்லாவற்றையும்விட, நாற்பது நாள் வேலை செய்யாமல் இருக்கலாம் என்ற அனுமதி பெரிய மருந்து. சிக்கல் அளவில்தான். லேகியத்தில் பெரும்பங்கு வெல்லமும் நெய்யும்தான். ஒரு சிறு கரண்டி நெய்யிலேயே 45 கலோரி இருக்கிறது. நாளுக்கு ஆறு கரண்டி கூடுதலாக உள்ளே போய், நடையும் இல்லையென்றால், இடுப்பு அதைக் கணக்கு வைத்துக்கொள்ளும்.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி, அடுத்த ஆறு மாதம் 520 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவு. 600 கலோரி என்றால் எவ்வளவு? இரண்டு இட்லியும் சாம்பாரும், ஒரு முட்டை, ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ஏறத்தாழ இவ்வளவுதான். "இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டும்" என்று இரண்டு இலை போட வேண்டியதில்லை. அதேபோல, இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடக்கவும் கூடாது. பால் நன்றாக ஊறத் தொடங்கிய பிறகு, வாரம் அரைக் கிலோ வரை குறைந்தால் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல் இல்லை.

விட்டுவிட வேண்டிய மூன்று பழக்கங்கள்

1. தண்ணீரைக் கட்டுப்படுத்துவது. "தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும்" என்பது தவறான நம்பிக்கை. பால் சுரக்க நீர் வேண்டும். பிரசவத்துக்குப் பின் இரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். அப்போது நீர் குறைவதும் அசையாமல் படுத்திருப்பதும் காலிலோ மூளையிலோ இரத்தக்கட்டு உண்டாக வழி செய்யும். தாகத்துக்குக் குடிக்க விடுங்கள்.

2. வயிற்றை இறுக்கிக் கட்டுவது. மென்மையான துணிக்கட்டு இடுப்புக்கு ஆதரவு தரும். அது கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி அடிவயிற்றுத் தசைகளைத் தளர்த்தும்.

3. காய்கறி, பழம், கீரையை விலக்குவது. "குழந்தைக்குச் சளி பிடிக்கும்" என்று சோறும் குழம்புமாகவே மூன்று வேளையும் கொடுத்தால் மலச்சிக்கலும் சதையும்தான் மிஞ்சும்.

மலையில் உள்ள தாய்மார்

இதுவரை சொன்னது வீட்டில் இருந்து கவனிப்புப் பெறும் தாய்க்கு. மூணாறு, தேவிகுளம், பீருமேடு, வண்டிப்பெரியாறு தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளும் நம் பெண்களின் கவலை வேறு. சரிவில் ஏறி இறங்கி, கொழுந்துச் சுமையைத் தூக்கி நடக்கும் உடம்பு எளிதில் பருக்காது. அங்கே தளர்வது கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் அடித்தசை. இருமினால் சிறுநீர் கசிவது, அடியில் ஏதோ இறங்குவது போன்ற கனம், தீராத இடுப்புவலி ஆகியவற்றை "பிள்ளை பெற்றால் அப்படித்தான்" என்று பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படித்தான் அல்ல. இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. வெட்கத்தை விட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சட்டமும் துணை நிற்கிறது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தந்த 12 வார விடுப்பு, 2017-ல் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. அதற்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். வேலைக்குத் திரும்பிய பின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை தொடர்கின்றன. இந்த ஆறு மாதமும் உடம்பு மூடிக் கட்டுவதற்கான காலம். அதைக் காசுக்காக விட்டுக்கொடுக்காதீர்கள்.

தோட்டத்து வீடுகளில் இன்னொன்றையும் சொல்வேன். சோற்றோடும் மாத்திரையோடும் கட்டன் சாயா வேண்டாம். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. பிரசவத்துக்குப் பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். எலுமிச்சை நீரோடு அதை விழுங்கி, சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காடு மாவட்டத்திலேயே, கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடியில் 2013-ல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது நாட்டையே உலுக்கியது. தாய்மாரின் இரத்தசோகையும் ஊட்டக்குறைவும் முக்கிய காரணங்களாகப் பேசப்பட்டன. அதன்பின் ஊர்களில் சமூக அடுக்களைகள் தொடங்கப்பட்டன. ஒரே மாவட்டத்தில் ஒரு தாய் நெய்யால் பருக்கிறாள், இன்னொரு தாய் சத்தில்லாமல் மெலிகிறாள். பருத்த உடம்பிலும் இரத்தசோகை ஒளிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம். எடை வேறு, சத்து வேறு.

என்ன பயிற்சி, எப்போது?

சுகப்பிரசவமானால் முதல் நாளே வீட்டுக்குள் நடக்கலாம். சிசேரியனானாலும் டாக்டர் சொல்லும் நேரத்தில் எழுந்து மெல்ல நடப்பதே நல்லது. ஆனால் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமானதைத் தூக்கக் கூடாது. குடம், காஸ் சிலிண்டர், விறகுக் கட்டு எதுவும் வேண்டாம். கேரளத்தில் நூற்றுக்கு 39 பிரசவமும் தமிழகத்தில் 45 பிரசவமும் சிசேரியன் என்பதால் இது நம்மில் பாதிப் பேருக்குப் பொருந்தும்.

அடித்தசைப் பயிற்சியை 1948-ல் அமெரிக்க டாக்டர் ஆர்னால்ட் கெகல் விளக்கி எழுதினார். பைசா செலவில்லாதது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து வரை எண்ணி, தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. பால் கொடுக்கும்போதே செய்யலாம்.

வயிற்றுக்கு: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கித் தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேலே நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்குப் பின்னும் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால் நடுத்தசை விலகியே நிற்கிறது என்று பொருள். அப்போது படுத்து எழும் தண்டால் வகைப் பயிற்சிகள் வேண்டாம். பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். மற்றவர்கள் ஆறு வாரத்துக்குப் பின் நாளுக்கு அரைமணி நடந்தாலே போதிய தொடக்கம்.

எடைக்குப் பின்னால் நோய் இருந்தால்

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள், குழந்தை பிறந்ததும் "சரியாகிவிட்டது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் குளுக்கோஸ் குடித்து மறுபரிசோதனை செய்ய வேண்டும். பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் அபாயம் அவர்களுக்கு மிகுதி. இதை நம் நாட்டில் வலியுறுத்திப் பணியாற்றியவர் சென்னை டாக்டர் வி. சேஷையா. அவருடைய பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது.

சாப்பாடு சரியாக இருந்தும் எடை ஏறுகிறது, சோர்வும் குளிரும் தாங்கவில்லை என்றால் தைராய்டு பார்க்க வேண்டும். கடும் இரத்தப்போக்கு, காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத்திணறல், பார்வை மங்கும் தலைவலி ஆகியவை வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடம்பு மட்டுமல்ல, மனமும் பச்சையாக இருக்கும் காலம் இது. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் அது சோம்பலோ திமிரோ அல்ல. மொழி தெரியாத ஊரில், கணவர் வேலைக்குப் போன பின் நான்கு சுவருக்குள் இருக்கும் நம் பெண்களுக்கு இது இன்னும் கனக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். கேரளத்தின் 'திசா' எண் 1056.

எல்லை தாண்டிப் பிரசவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேனியில் பிரசவித்துக் குமுளிக்குத் திரும்பினாலும், கோவையில் பிரசவித்துக் கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பினாலும், தாய்சேய் அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். வந்த வாரமே இங்குள்ள அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெயரைப் பதிவு செய்யுங்கள். மலையாளம் வராவிட்டால் அட்டையைக் காட்டினாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. "குண்டாகிவிட்டாய்" என்ற சொல்லால் எந்தத் தாயும் இளைத்ததில்லை. குழந்தையை அரைமணி நேரம் வாங்கிக்கொண்டு, "போய் நடந்துவிட்டு வா" என்று அனுப்பிவையுங்கள். அதனால் இளைத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். தாய் நலமாக இருந்தால்தான் சேய் நலம். இரண்டும் இருந்தால் வீடு நலம்.