திரை முன் உட்காரும் பிள்ளை, ஓடியாடும் பிள்ளை



அன்பிற்குரிய பெற்றோர்களே! "செல்போன் கொடுத்தால்தான் ஒரு வாய் வாங்குகிறான்" என்று உம்மாமார்கள் வருந்துவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளை அடம் பிடிக்கிறது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளை கடைக்குப் போய் செல்போன் வாங்கி வருவதில்லை. அது எவ்வளவு நேரம் ஓடியாடும், எவ்வளவு நேரம் திரை முன் உட்காரும் என்பதை நம் வீடும், நம் தெருவும், நம் பழக்கமுமே தீர்மானிக்கின்றன.

எவ்வளவு தேவை?

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதன்படி, 1 வயது முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடங்களாவது உடல் அசைய வேண்டும். 3, 4 வயதினருக்கு அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். 2 வயது நிறையும் வரை திரை வேண்டாம். அதன் பிறகு 4 வயது வரை, நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது.

180 நிமிடம் என்றதும் மலைக்க வேண்டாம். தவழ்வது, நடப்பது, படி ஏறுவது, முற்றத்தில் பந்து உருட்டுவது எல்லாம் இதில் சேரும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2 வயது வரை திரை கூடாது என்றே சொல்கிறது. உறவினரிடம் எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. ஆகவே சபுரில் இருக்கும் வாப்பாவின் முகத்தைப் பிள்ளைக்குக் காட்டத் தயங்க வேண்டாம். பேசி முடித்ததும் செல்போனை வாங்கி வைத்துவிடுவதே முக்கியம்.

எவை காரணம்?

முதல் காரணம் நாமே. இரவு கடையை அடைத்துவிட்டு வரும் வாப்பா செல்போனைப் பார்த்தபடி படுத்தால், பிள்ளையும் அதையே கற்றுக்கொள்கிறது. யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியும் வீட்டில் பேச்சைக் குறைக்கிறது. நாம் பேசப் பேசத்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும்.

இரண்டாவது, சாப்பாடும் தூக்கமும். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும் பிள்ளை, வயிறு நிறைந்ததைக் கவனிப்பதில்லை. படுக்கும் நேரத்தில் திரை பார்த்தால் தூக்கம் தள்ளிப் போகிறது. தூக்கம் குறைந்த பிள்ளை மறுநாள் சிணுங்குகிறது. அதைச் சமாளிக்க நாம் மீண்டும் செல்போனையே கொடுக்கிறோம்.

மூன்றாவது, இடம். நம் தெருக்கள் குறுகியவை, பைக்குகள் பறக்கின்றன. பயந்து பிள்ளையை உள்ளே வைக்கும் உம்மாவை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. இது முழு ஜமாஅத்தின் பொறுப்பு. பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது கிட்டப்பார்வை வராமல் காக்கவும் உதவுகிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

நான்காவது, பெண்பிள்ளை என்ற பாகுபாடு. அண்ணன் தெருவில் ஓட, நான்கு வயதுத் தங்கையை "உள்ளே இரு" என்று சொல்லி உட்கார வைக்கிறோம். அவளுடைய எலும்புக்கும் இதயத்துக்கும் ஓட்டம் வேண்டாமா?

நபிவழியில் ஒரு பார்வை

நபி (ஸல்) அவர்கள் ஸஜ்தாவில் இருந்தபோது பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொள்ள, பிள்ளையின் விளையாட்டைக் கெடுக்காமல் ஸஜ்தாவை நீட்டினார்கள். பிரயாணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுமாறும் அறிவுறுத்தினார்கள். அப்படியென்றால் அதுவரை பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதானே பொருள்!

இந்த வாரம் தொடங்குவோம்

1. சாப்பாட்டு ஸஹனைச் சுற்றி யார் கையிலும் செல்போன் இருக்க வேண்டாம். முதல் சில நாட்கள் பிள்ளை அழும், குறைவாகச் சாப்பிடும். பசித்தால் தானே கேட்கும். எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்டுவோம்.

2. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் விளையாட்டுக்கு. வாப்பாவோ, மாமாவோ, உம்மம்மாவோ, ஒருவர் கூடவே இருக்கட்டும். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொள்வோம்.

3. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைத்துவிட்டு, நபிமார்களின் வரலாற்றைக் கதையாகச் சொல்வோம்.

4. மதரஸா வளாகத்தைச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு மாலையில் திறந்துவிட முடியுமா என்று நம் மஹல்லாவில் பேசுவோம்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். செல்வத்தைப் பற்றிக் கேட்கப்படுவது போலவே இவர்களைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம். நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியமான உடலையும் தெளிவான அறிவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.