கானில் போட்ட பேக் எங்கே போகுது?

"நாம மலையில இருக்கோம். கடல் எங்கேயோ கிடக்கு. நமக்கு என்னங்க?" என்று லயத்தில் ஒரு அக்கா கேட்டார். கேள்வி நியாயந்தான். ஆனால் நம்ம கான் தண்ணி கடைசியில் கடலுக்குத்தான் போகிறது.

பிஸ்கட் பேப்பர், சொப்பின் பேக், ஷாம்பு பக்கெட் எல்லாவற்றையும் லயத்துப் பின்பக்கக் கானில் போடுகிறோம். வெயில் காலத்தில் அவை அங்கேயே கிடக்கும். மே, ஜூன் மழை அடித்தவுடன் கான் பொங்கி, ஓடைக்கு இறங்கும். பொகவந்தலாவைப் பக்கத்து ஓடைகள் கெஹெல்கமு ஓயாவில் விழுகின்றன. நோர்வூட்டைத் தாண்டினால் காசல்ரீ நீர்த்தேக்கம். பாரமானவை அங்கே அடியில் தங்கும். அணை நிரம்பி வழிகிற நாளில் மிதப்பவை கீழே போய்விடும். மஸ்கெலியா ஓயாவும் வந்து சேர்ந்த பிறகு அதற்குப் பெயர் களனி கங்கை. கித்துல்கல, அவிசாவளை கடந்து கொழும்பு முகத்துவாரத்தில் கடலில் விழுகிறது. களனியின் நீளம் 145 கிலோமீட்டர். வழியில் அம்பத்தளையில் இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் சுத்தம் செய்து கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கொழும்பில் கடையிலும் வீட்டிலும் வேலை செய்கிற நம்ம பிள்ளைகள் குடிப்பதும் அதுதான்.

நானுஓயா, தலவாக்கலைப் பக்கத்து ஓடைகளோ மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைக் கொட்டியாரக்குடாவுக்குப் போகும்.

பொலித்தீன் கடலில் உக்காது. வெயிலும் அலையும் பட்டு உடைந்து உடைந்து, மணலை விடச் சிறிதாகும். மிதக்கிற பேக்கை ஜெலி மீன் என்று நினைத்துக் கடலாமை விழுங்கும். சின்னத் துண்டுகளை மீன் தின்னும். நெத்தலிக் கருவாட்டை நாம் குடலோடுதானே சமைக்கிறோம், யோசித்துப் பாருங்கள்.

சிலர் அடுப்பில் போட்டு எரிக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். புகை போக வழியில்லாத லயத்துக் காம்பராவில் அந்த நச்சுப் புகையைக் கைப்பிள்ளைதான் முதலில் குடிக்கும்.

"அப்போ எங்கே போடுறது, குப்பை வண்டி வருவதில்லையே?" என்பீர்கள். அதுவும் உண்மை. முன்பு பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. 2018இல் அது திருத்தப்பட்டது. ஆகவே கேட்க நமக்கு உரிமை உண்டு. லயத்துக்கு லயம் கையெழுத்து வாங்கி வாருங்கள், கடிதத்தை நான் எழுதித் தருகிறேன். அதுவரை பேக்குகளைக் கழுவிக் காயவைத்து, ஓர் உரப்பையில் சேர்த்துப் பிள்ளை மடுவத்தில் கொடுங்கள். மரக்கறித் தோலை அதோடு கலக்காமல் குழியில் போடுங்கள்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு காலை கான் துப்புரவு இருக்கிறது. ஆண்களும் வரவேண்டும். போன தடவை பெண்கள் மட்டுந்தான் வந்தார்கள்.