சராசரி சொல்லாத செய்தி

‘கொலஸ்ட்ராலைக் குறைக்கும்’ என்ற வாசகத்துடன் மார்ஜரின், பால் போன்றவை பேரங்காடிகளில் விற்கப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சேர்க்கப்படும் பொருள் தாவர ஸ்டெரோல். நாள்தோறும் சுமார் 2 கிராம் உட்கொண்டால், ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். சராசரியாக 8 முதல் 10 விழுக்காடு குறைகிறது.

‘சராசரியாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐவருக்கு முறையே 20, 15, 10, 5, 0 விழுக்காடு குறைந்தாலும் சராசரி 10தான். ஆனால், ஐந்தாமவருக்குப் பயனே இல்லை. உண்மையிலும் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஏன்?

தாவர ஸ்டெரோலின் மூலக்கூறு ஏறக்குறையக் கொலஸ்ட்ராலைப் போன்றதே. சிறுகுடலில் கொலஸ்ட்ரால் உட்கிரகிக்கப்பட வேண்டுமானால், பித்த உப்புகளால் உருவாகும் மிசெல் என்ற நுண்துகள்களில் அது முதலில் இடம்பிடிக்க வேண்டும். அந்த இடத்துக்குத் தாவர ஸ்டெரோல் போட்டியிடுகிறது. இடம் கிடைக்காத கொலஸ்ட்ரால் மலத்துடன் வெளியேறுகிறது.

ஆனால், குடல் ஒரு வழி மட்டுமே. கல்லீரலும் பிற உறுப்புகளும் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கின்றன. குடல்வழி அதிகம் பெறுபவருக்குத் தாவர ஸ்டெரோல் நன்கு உதவும். உடலே அதிகம் தயாரிப்பவருக்குப் பலன் குறைவு.

இதை முன்கூட்டியே அறிய முடியுமா? உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும்போது லாத்தோஸ்டெரோல் என்ற இடைப்பொருள் உருவாகிறது. இரத்தத்தில் அது கொலஸ்ட்ராலுடன் ஒப்பிடுகையில் அதிகமாக இருந்தவர்களுக்குத் தாவர ஸ்டெரோல் குறைந்த பலனே தந்ததை 2015இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

சிலருக்கு இது தீங்காகவும் முடியும். குடலின் உயிரணுக்களுக்குள் நுழையும் தாவர ஸ்டெரோலை ஏபிசிஜி5, ஏபிசிஜி8 என்ற இரு புரதங்கள் வெளியே தள்ளுகின்றன. அவற்றுள் ஒன்றுக்குரிய மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால், தாவர ஸ்டெரோல் இரத்தத்தில் தேங்கும். 1974இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்த அரிய நோயின் பெயர் சிட்டோஸ்டெரோலீமியா. இதனால் இளவயதிலேயே இதயத் தமனிகள் அடைபடலாம்.

ஆகவே, வீட்டில் யாராவது மார்ஜரினை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்த நினைத்தால், இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒருவருக்குப் பலன் உண்டா என்பதை அவருடைய இரத்தப் பரிசோதனைதான் காட்டும். அதுவும் ஒருமுறை போதாது. கொலஸ்ட்ரால் அளவு நாளுக்கு நாள் இயல்பாகவே சற்று மாறும்.

சிந்திக்க: ஒருவரின் எல்.டி.எல். ஒரே ஒரு பரிசோதனையில் 5 விழுக்காடு குறைந்திருந்தால், அதற்குத் தாவர ஸ்டெரோல்தான் காரணம் என்று உறுதியாகக் கூற முடியுமா?