தூத்துக்குடி மக்ரூன்

நுழையும்முன்

டிசம்பர் மாதம் பிறந்ததும் தில்லி அடுமனைகளின் கண்ணாடிப் பேழைகளில் மக்கரோன் என்னும் பிரெஞ்சு இனிப்பு வண்ண வண்ணமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். தூத்துக்குடிக்குச் சென்று திரும்புவோர் தம் வீட்டாருக்கென மறவாமல் வாங்கிவரும் இனிப்பு மக்ரூன். ஒன்று வண்ண வட்டம். மற்றொன்று வெண்ணிறக் கூம்பு. உருவில் வேறுபட்ட இவ்விரண்டும் நெருங்கிய உறவுடையவை. அவ்வுறவை இப்பாடத்தில் அறிவோம்.

பெயரும் பிறப்பும்

மக்கரோன், மக்ரூன் என்னும் இரு பெயர்களும் இத்தாலிய மொழியின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை. முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, பொடித்த பாதாம்பருப்பு ஆகிய மூன்றுமே இவ்வினிப்பின் அடிப்படை. இதில் கோதுமை மாவு இல்லை, நெய்யும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின்போது பிரான்சில் துறவு மடங்கள் மூடப்பட்டன. அப்போது மடத்தை இழந்த பெண் துறவியர் இருவர் நான்சி என்னும் நகரில் மக்கரோன் செய்து விற்று வாழ்ந்தனர். அந்நகரம் இன்றும் அவ்வினிப்பால் புகழ்பெற்று விளங்குகிறது. இரண்டு வட்டங்களுக்கிடையே இனிப்புக் கலவையை வைத்து ஒட்டும் வண்ண மக்கரோன், பிற்காலத்தில் பாரிசு நகரில் பரவிய வடிவமாகும்.

பாதாம் போய் முந்திரி வந்தது

தூத்துக்குடி முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற துறைமுகம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அங்கு வந்தனர். 1658இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். பின்னர் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மக்ரூன் போர்த்துகீசியர் வழியாக வந்தது என்று கூறுவது ஊர் வழக்கு.

பாதாம், குளிர்காலம் உள்ள நிலங்களில் விளையும் மரம். நம் நாட்டில் காசுமீரம் அதற்குப் பெயர்பெற்றது. தூத்துக்குடியின் வெப்பமான கடற்கரை அதற்கு ஏற்றதன்று. அங்குள்ளோர்க்கு எளிதில் கிடைத்தது முந்திரி. முந்திரியும் அயல்நாட்டு மரமே. பிரேசில் நாட்டிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தனர். கடலோர மணல் நிலம் அதற்கு ஒத்துக்கொண்டது. மலையாளத்தில் இதற்குப் ‘பறங்கியண்டி’ என்று ஒரு பெயர் உண்டு. வந்த வழியை அப்பெயரே சொல்கிறது. இவ்வாறு பாதாமின் இடத்தை முந்திரி பெற்றது. மக்ரூனும் தூத்துக்குடியின் இனிப்பாயிற்று.

நுரையின் அறிவியல்

வெள்ளைக்கருவில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீர். 10 விழுக்காடு புரதம். அதை அடிக்கும்போது சுருண்டிருக்கும் புரதங்கள் விரிந்து காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்துகொள்கின்றன. மஞ்சட்கரு சிறிது கலந்தாலும் அதிலுள்ள கொழுப்பு நுரை எழுவதைத் தடுக்கும். சர்க்கரை நீரைப் பற்றிக்கொண்டு நுரை தளராமல் காக்கும்.

சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே ஈரக்காற்று மக்ரூனுக்குப் பகை. தில்லியில் மூடுபனி சூழ்ந்த குளிர்காலக் காலையில் காற்றில் ஈரம் மிகுதி. வெயில் ஏறிய நண்பகலில் குறைவு. இங்கே மக்ரூன் செய்வோர்க்கு நண்பகலே ஏற்ற பொழுது.

செய்முறை (பெரியவர் துணையுடன் செய்க)

தேவையானவை: வெள்ளைக்கரு 3, சர்க்கரை 150 கிராம், முந்திரிப்பருப்பு 150 கிராம்.

1. சர்க்கரையையும் முந்திரியையும் தனித்தனியே பொடிக்கவும். முந்திரியை விட்டுவிட்டு அரைக்கவும். நெடுநேரம் அரைத்தால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.
2. ஈரமும் எண்ணெய்ப் பசையும் இல்லாத கிண்ணத்தில் வெள்ளைக்கருவை நுரைக்க அடிக்கவும்.
3. சர்க்கரைப் பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கிண்ணத்தைச் சாய்த்தாலும் நுரை நழுவாத பதம் வரும்வரை அடிக்கவும்.
4. முந்திரிப் பொடியைத் தூவி, நுரை அடங்காதபடி மெல்லக் கலக்கவும்.
5. தட்டில் தாள் விரித்து, கலவையைச் சிறு கூம்புகளாக இடவும்.
6. ஓவனில் 110 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் வைத்து, அதனுள்ளேயே ஆறவிடவும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் இடவும்.

முட்டை உண்ணாதோர், கொண்டைக்கடலை வேகவைத்த நீரைச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்து அடித்தால் அதுவும் நுரைக்கும்.

மொழியும் மக்ரூனும்

பருப்பு மாறியும் மக்ரூன் மக்ரூனாகவே நிற்பது ஏன்? அதற்கு அடிப்படையான நுரை மாறவில்லை. நுரையை விடுத்து மாவைச் சேர்த்திருந்தால் அது வேறு பண்டமாகியிருக்கும்.

மொழியும் இத்தகையதே. சாவி, சன்னல், அலமாரி ஆகியன போர்த்துகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. இத்தகைய சொற்களை இலக்கணம் திசைச்சொற்கள் என்கிறது. தில்லியில் நாம் நாள்தோறும் கேட்கும் ‘சாபி’ என்னும் இந்திச் சொல்லும் அதே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததே. ஆயினும் ‘சாவியால் திறந்தாள்’, ‘சாவியைத் தேடினான்’ என்னும்போது ‘ஆல்’, ‘ஐ’ என்னும் தமிழ் வேற்றுமை உருபுகளை அது ஏற்றுக்கொள்கிறது. வந்த சொல் முந்திரி போன்றது. இலக்கணம் நுரை போன்றது. தில்லியில் வளரும் நம் பேச்சில் பிறமொழிச் சொற்கள் கலப்பது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. தமிழின் தொடரமைப்பையும் உருபுகளையும் நழுவவிடாமல் காப்பதே நம் கடமை.

சொற்பொருள்

அடுமனை – ரொட்டி முதலியன சுட்டு விற்கும் இடம்
பேழை – பெட்டி
விழுக்காடு – நூற்றுக்கு இத்தனை என்னும் அளவு
வழக்கு – மக்கள் வழங்கிவரும் பேச்சு

பயிற்சி

1. தூத்துக்குடி மக்ரூனில் பாதாமின் இடத்தை முந்திரி பெற்றதற்குக் காரணம் என்ன?
2. வெள்ளைக்கருவில் மஞ்சட்கரு கலக்கலாகாது. ஏன்?
3. தில்லியின் குளிர்காலத்தில் மக்ரூன் செய்ய ஏற்ற பொழுது எது? காரணம் தருக.
4. ‘அலமாரி’ என்னும் சொல்லுடன் ஐ, கு, இல் ஆகிய உருபுகளைச் சேர்த்து மூன்று தொடர்கள் எழுதுக.
5. நும் வீட்டில் செய்யும் பண்டம் ஒன்றில், ஊரில் கிடைக்கும் பொருளுக்கு மாற்றாகத் தில்லியில் எதைச் சேர்க்கின்றனர் என வீட்டாரிடம் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.